கையெழுத்துக்காகப் பிழைத்த கடன் பத்திரங்கள்

1775 ஜூலையில் பிலடெல்பியாவில் கூடியிருந்த கான்டினென்டல் காங்கிரஸ், 28 பேரைக் கையெழுத்துப் போடும் வேலைக்கு அமர்த்தியது. பிரிட்டனோடு சண்டை தொடங்கிவிட்டது. படைக்குச் சம்பளம், வெடிமருந்து, மாவு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் அந்தச் சபைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. ஆகவே நோட்டு அடிக்கத் தீர்மானித்தார்கள். முதல் தவணை 20 லட்சம் டாலர். ஒன்று முதல் எட்டு டாலர் வரை ஒவ்வொரு மதிப்பிலும் 49,000 நோட்டுகள், 20 டாலர் நோட்டுகள் 11,800, மொத்தம் 4,03,800. ஹால் அண்ட் செல்லர்ஸ் அச்சகத்திலிருந்து வரும்போது அவை வெறும் தாள்கள்தான். எண் எழுதி, இரண்டு பேர் தம் கையால் ஒப்பமிட்ட பிறகே அவை பணமாயின. 28 பேரும் வேலையைச் சமமாகப் பங்கிட்டிருந்தால் ஆளுக்குச் சுமார் 28,800 கையெழுத்து போட்டிருக்க வேண்டும். ஆயிரம் நோட்டுக்குக் கூலி ஒன்றேகால் டாலருக்குச் சற்று மேல். துல்லியமாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலப் பணவியல் முழுவதும் இப்படிக் கைவலிக்க எழுதப்பட்டதுதான். சம்பளச் சீட்டு, கடன் பத்திரம், உண்டியல், பங்குப் பத்திரம், லாட்டரிச் சீட்டு, செக், ரசீது என்று எதை எடுத்தாலும் பாதி அச்சு, பாதி பேனா. இன்று சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குவது அந்தப் பேனா பாதியைத்தான்.

இந்தப் பித்து நேற்று தொடங்கியதல்ல. 1815 வாக்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் உறவினர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வர்ஜீனியாவுக்கு வந்தார் வில்லியம் ஸ்ப்ரேக் என்ற இளைஞர். பின்னாளில் ஆல்பனி நகரின் பாதிரியாரானவர். வாஷிங்டனுக்கு வந்த கடிதங்கள் அப்போது அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான புஷ்ராட் வாஷிங்டன் வசம் இருந்தன. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததற்கு நகல் மட்டும் வைத்துவிடுங்கள் என்று அவர் அனுமதி கொடுக்க, ஸ்ப்ரேக் சுமார் 1,500 கடிதங்களை எடுத்துக்கொண்டு போனார். சொன்ன வாக்குப்படி நகலும் வைத்தார். கடிதத்தின் செய்தி போதும், மூலத் தாள் யாரிடம் இருந்தால் என்ன என்று உரிமையாளரே நினைத்த காலம் அது. விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரின் கையெழுத்தையும் ஒரு தொகுதியாக முதன்முதலில் சேர்த்து முடித்தவர் ஸ்ப்ரேக். அவருக்குப் பிறகு அந்த 56 என்ற எண்ணே சந்தையை ஆட்டிவைக்கத் தொடங்கியது. நியூயார்க் மருத்துவர் தாமஸ் அடிஸ் எம்மெட் ஒன்றுக்கு மேற்பட்ட முழுத் தொகுதிகளைச் சேர்த்தார். அவருடைய சேகரம் 1896-ல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடையாகப் போய்ச் சேர்ந்தது.

56 பேரும் இலக்கியம் போலக் கடிதம் எழுதியவர்கள் அல்ல. பலர் ஊர் நிர்வாகிகள், வணிகர்கள், நிலக்காரர்கள். அவர்கள் பெயர் எஞ்சியிருப்பதே பணம் சம்பந்தப்பட்ட தாள்களில்தான். நியூஜெர்சியின் ஜான் ஹார்ட் 1776 மார்ச் 25 தேதியிட்ட மாகாண நோட்டுகளில் ஒப்பமிட்ட மூவரில் ஒருவர். அந்த நோட்டுகள் ஏராளமாகக் கிடைப்பதால், பிரகடனக்காரர் ஒருவரின் கையெழுத்தை நடுத்தர வருமானக்காரரும் வாங்க முடிகிற வழி இன்றும் அதுதான். இதற்கு நேர் எதிர் முனையில் ஜார்ஜியாவின் பட்டன் குவின்னெட் இருக்கிறார். பிரகடனத்தில் ஒப்பமிட்டு ஓராண்டு முடிவதற்குள், 1777 மே மாதம், லாக்லன் மெகின்டாஷ் என்ற படைத் தளபதியோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு இறந்தார். வாழ்ந்த காலத்தில் கடன் தொல்லையில் உழன்ற வணிகர். அவர் கையெழுத்தாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ ஐம்பதுதான். அவற்றில் கடன் சீட்டுகளும் ரசீதுகளும் உண்டு. அவர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று 1927-ல் 51,000 டாலருக்குப் போனது. 2010-ல் அவர் கையெழுத்துள்ள தாள் ஒன்று 7,22,500 டாலருக்கு ஏலம் போனது. உயிரோடு இருந்தபோது அந்த ஒப்பத்தை நம்பிக் கடன் கொடுக்கவே ஆட்கள் யோசித்திருப்பார்கள்.

இந்தத் தாள்கள் குப்பைக்கும் அடுப்புக்கும் போகாமல் தப்பியதற்குப் புகழ்பெற்ற கையெழுத்துகள் மீதான ஆசைதான் பெரும் காரணம் என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் சரித்திரச் சான்றாக எடுத்துக்கொண்டு படித்தால், ஒரு தாளில் நமக்கு மிகக் குறைவாகச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பிரபலப் பெயர்தான். யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில், எத்தனை கை மாறி, கடைசியில் பணம் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்பதெல்லாம் சந்தை விலை வைக்காத மூலைகளில் இருக்கிறது: பின்பக்கத்து மேலெழுத்து, ஓரத்து வட்டிக் குறிப்பு, ரத்து செய்ததற்கான துளை. நம் ஊரில் புரோநோட்டு வாங்கி வைத்திருப்பவர் பின்பக்கத்தில் வரவு எழுதுவதைப் போல, அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரங்களின் உயிரும் பின்பக்கத்தில்தான். கடனை உண்டாக்கியது முகப்பு. அது என்ன ஆயிற்று என்பதைச் சொல்வது முதுகு.

கனெக்டிகட் மாகாணத்தின் சம்பளச் சீட்டுகளையே பார்க்கலாம். போர்க்காலத்தில் அங்கே சம்பளக் குழு ஒன்று இயங்கியது. மாகாணக் கருவூலர் ஜான் லாரன்ஸுக்கு, இன்னாருக்கு இத்தனை பவுண்டு கொடுக்கவும் என்று உத்தரவு எழுதுவது அதன் வேலை. உள்ளங்கை அகலத் தாள். நான்கைந்து வரி அச்சு. இடையிடையே பேனாவால் நிரப்பிய பெயர், தொகை, தேதி. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஆலிவர் எல்ஸ்வொர்த் பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். இளைய ஆலிவர் வால்காட், ஹாமில்டனுக்குப் பிறகு நிதியமைச்சரானார். பட்டியல்களில் இச்சீட்டுகள் விற்கப்படுவது இவர்கள் பெயரைச் சொல்லித்தான். தாளைத் திருப்பினால், பணம் வாங்கியவரின் ஒப்பம் இருக்கும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். பக்கத்தில் வேறொருவர் அவர் பெயரை எழுதி, இது இன்னார் கீறல் என்று சாட்சி வைத்திருப்பார். கனெக்டிகட் படைப்பிரிவுகளில் பணியாற்றிய கறுப்பின வீரர்களின் பெயர்களும் இச்சீட்டுகளில் வருகின்றன. அவர்களில் பலரைப் பற்றி நமக்கு வேறு எழுத்துச் சான்றே கிடையாது. கடிதம் எழுதாதவர், நாட்குறிப்பு வைக்காதவர், உருவப்படத்துக்கு உட்காராதவர் ஆகியோர் சரித்திரத்தில் வந்து நிற்கிற ஒரே வாசல் இந்தச் சம்பள ரசீது. எல்ஸ்வொர்த்தின் கையெழுத்தோ நூற்றுக்கணக்கான தாள்களில் இருக்கிறது. அதில் இன்னும் ஒன்று கூடுவதால் அவரைப் பற்றி நாம் புதிதாக எதுவும் தெரிந்துகொள்வதில்லை.

மாசசூசெட்ஸ் இன்னும் விசேஷம். 1780-க்குள் காகிதப் பணம் செல்லாக்காசாகிவிட்டது. 1775 முதல் 1779 வரை காங்கிரஸ் 24 கோடி டாலருக்கு மேல் நோட்டு அடித்திருந்தது. 1780 மார்ச்சில் அதுவே தன் நோட்டின் மதிப்பை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தது. மூன்றாண்டு போரிட்ட சிப்பாய்க்கு அந்த நோட்டில் சம்பளம் கொடுத்தால் அவன் வாங்குவது வெறும் தாளைத்தான். ஆகவே மாசசூசெட்ஸ் அரசு வீரர்களுக்கு வட்டியோடு கூடிய கடன் பத்திரம் கொடுத்தது. அதன் வாசகம் அக்காலத்தில் எவரும் கண்டிராதது. ஐந்து புஷல் சோளம், 68 பவுண்டும் ஏழில் நான்கு பங்கும் எடையுள்ள மாட்டிறைச்சி, 10 பவுண்டு ஆட்டு ரோமம், 16 பவுண்டு செருப்புத்தோல் இவற்றின் கூட்டு விலை எவ்வளவு ஏறுகிறதோ இறங்குகிறதோ, அதற்கேற்பத் திருப்பித் தரும் தொகையும் ஏறி இறங்கும். 1777-ல் இருந்த விலையைப் போல இப்போது முப்பத்திரண்டரை மடங்கு ஆகிவிட்டது என்று பத்திரமே வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறது. விலைவாசியோடு கட்டிப்போட்ட அரசுக் கடன் பத்திரங்களில் உலகிலேயே முதன்முதலானவை இவை என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் காட்டியிருக்கிறார். இந்தப் பத்திரத்தில் உலகம் அறிந்த பெயர் எதுவும் இல்லை. ஆகவே சேகரிப்பாளர் பட்டியலில் இதற்குப் பெரிய இடம் இல்லை. புகழ்பெற்ற ஒருவர் சலிப்போடு ஒப்பமிட்ட ஏதாவது ஒரு வழக்கமான ரசீது இதைவிடப் பல மடங்கு விலைக்குப் போவதுதான் என் வாதத்துக்கு நல்ல சான்று.

பிரான்சிஸ் ஹாப்கின்சன் ஒப்பமிட்ட உண்டியல்கள் கொஞ்சம் வேறு மாதிரி. பிரகடனத்தில் ஒப்பமிட்டவர் என்பதால் இவருக்குச் சந்தையில் கிராக்கி உண்டு. போர்க்காலத்தில் கடன் கருவூலராக இருந்தார். காங்கிரஸுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி, பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர்கள் மீது எழுதிய உண்டியலாகத் தரப்பட்டது. டாலருக்கு ஐந்து பிரெஞ்சு லிவர், பார்வைக்கு வைத்த முப்பதாவது நாள் பணம். அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் கப்பல்கள் மடக்கிக்கொண்டிருந்த காலம் அது. எனவே ஒரே உண்டியலை நான்கு பிரதி எழுதி நான்கு கப்பலில் அனுப்பினார்கள். முதல் பிரதியில், இரண்டாவது, மூன்றாவது, நான்காவதுக்குப் பணம் தரப்படாத பட்சத்தில் இதற்குத் தருக என்று எழுதியிருக்கும், மற்றவற்றிலும் அவ்வாறே. எது முதலில் கரை சேருகிறதோ அதற்குப் பணம். பாரிஸில் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்க வேண்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். சிறு சிறு தொகைக்கு உண்டியல்கள் வந்து குவிகின்றன என்று அலுத்துக்கொண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். எழுபது வயது தாண்டியவரிடம் பன்னிரண்டு டாலர் உண்டியல்களைக் கட்டுக்கட்டாக நீட்டினால் யார்தான் அலுத்துக்கொள்ள மாட்டார்? இந்த உண்டியல்களின் முதுகில் கை மாறிய பெயர்கள் வரிசையாக இருக்கும். பாஸ்டன் விதவை ஒருவருக்கு வந்த வட்டி உள்ளூர் வணிகர் கைக்குப் போய், அவர் சரக்கு வாங்கிய ஐரோப்பிய வணிகரிடம் சேர்ந்து, பாரிஸ் வங்கியாளரிடம் முடிகிற வழியை அங்கே படிக்கலாம். பிரெஞ்சு அரசன் கொடுத்த கடன் நியூ இங்கிலாந்து அடுப்படி வரை எப்படி வந்தது என்பதை எந்த ஒப்பந்தத்தின் வாசகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று யாராவது சொல்லக்கூடும்: ஒருவருக்கு ஹாப்கின்சன் பிடிக்கிறது, இன்னொருவருக்கு விதவை பிடிக்கிறது. அப்படியில்லை. அமெரிக்க அரசியல் சரித்திரத்தின் மிகப் பெரிய வாக்குவாதங்களில் ஒன்று இந்தப் பத்திரங்கள் யார் கையில், எப்போது இருந்தன என்ற கேள்வியில் வந்து முட்டியது. போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு ஜான் பியர்ஸ் என்ற கணக்கு அதிகாரி ஒப்பமிட்ட இறுதிக் கணக்குப் பத்திரங்கள் தரப்பட்டன. அன்றாடப் பிழைப்புக்கே வழியில்லாதவர்கள் அவற்றை மிகச் சொற்ப விலைக்கு விற்றார்கள்; கையில் காசிருந்தவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். பின்னாளில் அதிபரின் மனைவியான அபிகெயில் ஆடம்ஸ்கூட நிலம் வாங்கச் சொன்ன கணவரைச் சம்மதிக்க வைத்து இத்தகைய பத்திரங்களில் பணம் போட்டவர்தான். 1790-ல் நிதியமைச்சர் ஹாமில்டன், இப்போது கையில் வைத்திருப்பவருக்கே முழு மதிப்பும் தர வேண்டும் என்றார். முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார் ஜேம்ஸ் மேடிசன். பிப்ரவரி 22-ல் நடந்த வாக்கெடுப்பில் மேடிசனின் யோசனை 13-க்கு 36 என்று தோற்றது. முதல் சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது என்பது எதிர்த்தவர்களின் முக்கியமான காரணங்களில் ஒன்று.

1913-ல் சார்லஸ் பியர்ட் என்ற வரலாற்றாசிரியர் கருவூலத்தின் பழைய கணக்கேடுகளைத் தோண்டி எடுத்து, 1787-ல் அரசியலமைப்பை எழுதியவர்களில் பலர் இத்தகைய பத்திரங்களை வைத்திருந்தவர்கள், தங்கள் முதலீட்டைக் காப்பாற்ற வலுவான மத்திய அரசை விரும்பினார்கள் என்ற பொருள்பட எழுதினார். நாற்பதாண்டு காலம் அந்தப் புத்தகத்துக்கு அசாத்தியச் செல்வாக்கு. 1950-களில் ராபர்ட் பிரவுனும் ஃபாரஸ்ட் மெக்டொனால்டும் அதன் அடித்தளத்தைக் கேள்வி கேட்டார்கள். பியர்ட் பயன்படுத்திய ஏடுகள் பெரும்பாலும் 1790-க்குப் பிந்தியவை. அதில் பெயர் இருப்பவர் 1787-லேயே பத்திரம் வைத்திருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அரசியலமைப்பு மாநாடு முடிந்து, விலை ஏறும் என்று தெரிந்த பிறகு வாங்கியிருக்கலாமே! பேரேடு ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். எப்போது கை மாறியது என்பதைத் தனித்தனிப் பத்திரங்களின் மேலெழுத்துத் தேதிகளும் வட்டி வாங்கிய குறிப்புகளுமே சொல்ல முடியும். கொண்டுவருபவருக்குப் பணம் என்ற வாசகத்தோடு அச்சான பத்திரங்களில் அந்தச் சங்கிலிக்கே இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் மாகாணப் பத்திரங்களிலும் உண்டியல்களிலும் ரசீதுகளிலும் அது இருக்கிறது. அவற்றில் முகப்பை மட்டும் படம் பிடித்துப் பட்டியலில் போட்டு விற்றுவிடுவது, சாட்சியைக் கூண்டில் ஏற்றிப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு இறக்கிவிடுவதற்குச் சமம்.

என் வாதத்துக்கு எதிராக வலுவாக நிற்பவர் ராபர்ட் மாரிஸ். பெயருக்கு மதிப்பில்லை என்றால் மாரிஸின் கையெழுத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பிலடெல்பியாவின் பெரும் வணிகர். விடுதலைப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு என்ற மூன்றிலும் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர். 1781-ல் நிதி மேற்பார்வையாளரானபோது காங்கிரஸின் வாக்கை எவரும் நம்பவில்லை. மாரிஸின் வாக்கை நம்பினார்கள். தன் சொந்தப் பெயரில், தானே பொறுப்பேற்று நோட்டுகள் வெளியிட்டார். தவணை நீண்டதும் குறுகியதுமாக இருந்த அவற்றுக்கு, ராபர்ட் என்பதைச் சுருக்கி, நெட்டை பாப், குட்டை பாப் என்று ஊரார் செல்லப் பெயர் வைத்தார்கள். 1783-ல் படை கலையும்போது சிப்பாய்களுக்கு மூன்று மாதச் சம்பளம் இந்த நோட்டுகளில் தர முடிவாயிற்று. ஆயிரக்கணக்கான நோட்டுகள், ஒவ்வொன்றிலும் மாரிஸே ஒப்பமிட வேண்டும். அவர் எழுதி முடித்து நோட்டுகள் முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் பலர் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். ஒரு மனிதனின் கையெழுத்து ஒரு தேசத்தின் ஜாமீனாக நின்ற இடம் இது. இங்கே பெயர்தான் எல்லாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே கையெழுத்தைப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். 1795-ல் மாரிஸ், ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் ஆகிய மூவரும் வட அமெரிக்க நிலக் கம்பெனியைத் தொடங்கினார்கள். 60 லட்சம் ஏக்கர் காட்டு நிலம், 30,000 பங்குகள், பங்கு ஒன்று 100 டாலர். தலைவராக மாரிஸும் செயலராக அவர் மருமகன் ஜேம்ஸ் மார்ஷலும் ஒப்பமிட்ட அந்தப் பங்குப் பத்திரங்கள் இன்று சேகரிப்பாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. அன்றைக்கு மாரிஸும் நிக்கல்சனும் ஒருவர் கடன் சீட்டுக்கு மற்றவர் மேலெழுத்துப் போட்டுச் சந்தையில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெயர் மற்றவர் பெயரைத் தாங்க, இரண்டையும் தாங்க எதுவும் இல்லாமல் போயிற்று. அந்தச் சீட்டுகள் முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்குத்தான் செலாவணி ஆயின. 1798-ல் மாரிஸ் பிலடெல்பியாவின் புரூன் தெருக் கடன்காரர் சிறைக்குப் போனார். வாஷிங்டன் அங்கே போய் அவரைப் பார்த்தார். நிக்கல்சன் சிறையிலேயே 1800-ல் இறந்தார். மாரிஸ் 1801-ல்தான், புதிய திவால் சட்டத்தின் தயவில், சுமார் 30 லட்சம் டாலர் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்து வெளியே வந்தார். 1783-ன் மாரிஸும் 1795-ன் மாரிஸும் எழுத்தின் சுழிப்பில் ஒரே ஆள். கையெழுத்தை மட்டும் சேகரிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவற்றை வாங்கி ஏமாந்தவருக்கும் ஏமாறாதவருக்கும் இரண்டும் வேறு வேறு. அந்த வேறுபாடு ஒப்பத்தில் இல்லை, தேதியிலும் கீழே எழுதிய நிபந்தனையிலும் இருக்கிறது.

சேகரிப்பையே தவறென்று சொல்லும் ஒரு தரப்பும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பொது ஆவணம் தனியார் பெட்டிக்குள் எப்படிப் போயிற்று? 19-ம் நூற்றாண்டில் கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுவது வழக்கமாக இருந்தது; கத்தரித்த மீதியைத் தூக்கி எறிந்தார்கள். 1929-ல் ஜோசப் கோஸி என்ற ஆசாமி காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், 1786-ல் பிராங்க்ளின் ஒப்பமிட்ட சம்பள உத்தரவு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான். விற்கப் போனபோது வியாபாரி அது போலி என்று சொல்லித் திருப்பிவிட்டார். உண்மையான தாளைப் போலி என்றவருக்குப் போலியையே விற்றுக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு, லிங்கன் கையெழுத்தைப் பழகி, அதே வியாபாரியிடம் பத்து டாலருக்கு விற்றான். அமெரிக்காவின் பேர்போன கள்ளக் கையெழுத்துக்காரன் உருவான கதை அது. அவனுக்கு முன்பே பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவன் வாஷிங்டன் செக்குகளைத் தயாரித்துப் பிழைப்பு நடத்தியிருந்தான். பெயருக்கு மட்டும் விலை வைக்கும் சந்தையில் பெயரை மட்டும் கள்ளமாகப் போட்டால் போதும் என்பதை இவர்கள் புரிந்துகொண்டவர்கள். பின்பக்கத்தில் நான்கு வெவ்வேறு கைகளின் மேலெழுத்து, மூன்று வருஷ வட்டிக் குறிப்பு, கருவூலத்தின் துளை என்று எல்லாம் பொருந்தி வரும்படி போலி செய்வது எளிதல்ல.

திருட்டுக்குச் சட்டமும் பதில் சொல்லியிருக்கிறது. விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட வில்லியம் ஹூப்பர் அரசு வழக்கறிஞராக இருந்தபோது எழுதிய 1767, 1768-ம் ஆண்டுக் குற்றப்பத்திரிகைகள் இரண்டு ஒரு வியாபாரி கைக்கு வந்திருந்தன. அவை நீதிமன்ற ஆவணங்கள், எக்காலத்திலும் மாநிலத்தின் சொத்து என்று 1977-ல் வட கரோலினா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துத் திருப்பி வாங்கிக் கொடுத்தது. சரியான தீர்ப்பு. ஆனாலும் எல்லாம் அரசுக் காப்பகத்தில் இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்க அரசின் வரலாறு இடம் தருவதில்லை. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்து புரட்சிப் போர் ஆவணங்களில் பெரும் பகுதி சாம்பலாயிற்று. 1801 ஜனவரியில் கருவூலத்தில் தீ. 1814-ல் பிரிட்டிஷ் படை தலைநகரையே கொளுத்தியது. 1833-ல் கருவூலத்தில் மறுபடி தீ. 1818-ல் ஏழை முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, படையில் இருந்ததை நிரூபிக்கத் தள்ளாத வயதில் சாட்சிகளைத் தேடி அலைய வேண்டியிருந்ததற்கு முதல் தீயும் ஒரு காரணம். மாகாணங்களின் சம்பளச் சீட்டும், யாரோ ஒருவர் எல்ஸ்வொர்த்தின் பெயருக்காக எடுத்து வைத்த தாளும் அப்படிப்பட்ட ஓட்டைகளை ஓரளவு அடைக்கின்றன. சேகரிப்பாளரின் ஆசை கண்மூடித்தனமானதாக இருந்தாலும் அதனால் விளைந்த நன்மை பெரியது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த எரிக் நியூமேன் போன்றவர்கள் ஆசையோடு அறிவையும் சேர்த்துக்கொண்டார்கள். 1967-ல் வெளியான அவருடைய ஆரம்ப கால அமெரிக்கக் காகிதப் பண நூல், எந்த நோட்டில் யார் யார் ஒப்பமிட்டார்கள் என்பதோடு தாள், அச்சு, தொகை, சட்டம் எல்லாவற்றையும் பதிவு செய்தது. சேகரிப்பு சரித்திரமாக மாறுவது அப்படிப்பட்ட உழைப்பால்தான்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் மூலத் தாள் யாரிடம் இருந்தால் என்ன என்பது புஷ்ராட் வாஷிங்டன் செய்த அதே தவறு. தாளில் கலந்த மைக்காத் துகள், காலப்போக்கில் தாளையே அரிக்கிற மசி, ஒரு ஒப்பம் சிவப்பிலும் மற்றது பழுப்பிலுமாக இருப்பது எல்லாம் போலியைப் பிடிக்க உதவுபவை. நகலில் இவற்றில் பல வராது. படம் எடுப்பவர்களும் பெரும்பாலும் முகப்பைத்தான் எடுக்கிறார்கள். ஏல நிறுவனங்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது: முகப்பைப் போல முதுகையும் பட்டியலில் அச்சிடுங்கள்; தாள் இதற்குமுன் யார் யார் வசம் இருந்தது என்று தெரிந்தவரை எழுதுங்கள்; ஒரே கட்டிலிருந்து வந்த சீட்டுகளைப் பிரபலப் பெயருக்காகப் பிரித்து விற்காதீர்கள். வாங்குகிறவர் முதலில் தாளைத் திருப்பிப் பார்க்கட்டும், வரவும் மேலெழுத்தும் கீறலும் இருக்கிற தாளுக்குக் கூடுதல் விலை கொடுக்கட்டும், அரசுக் காப்பகத்திலிருந்து கிளம்பிய தாள் என்ற சந்தேகம் வந்தால் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு வாங்கட்டும்.